மூணு மில்லி

டீ வேண்டாம் டீச்சர். தப்பா எடுத்துக்காதீங்க. மலையை விட்டுக் கீழ இறங்கினா நான் டீயைத் தொடறதில்ல. குன்னூர் ஃபேக்டரில கடைசியா கூட்டித் தள்ளுற தூசியைத்தான் இங்க பாக்கெட்ல அடைச்சு விக்கறான். அதுல பாலை ஊத்தி, ஏலக்காயைத் தட்டிப் போட்டு... வேண்டாம். தண்ணி போதும். போட்டுட்டீங்களா? சரி, அப்படி வைங்க.

இந்த டீப்பாய் சன்மைக்காவா? அதானே. கை வச்சதும் செத்த மீன் மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. உங்க கதவும் அப்படித்தான், வரும்போதே பார்த்தேன். உள்ள மரத்தூளை அமுக்கின பலகை, மேல மர ரேகை அச்சடிச்ச காகிதம். தேக்கு மாதிரி தெரியுதாம். உங்களைச் சொல்லல, வாடகை வீடுன்னு தெரியும். இதைச் செஞ்சவனைச் சொல்றேன். அவனுக்குச் சோறு எப்படித்தான் இறங்குதோ.

நான் வந்த விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். உங்க கிதாரை நான் எடுத்துட்டுப் போகணும். ஒரு மாசத்துக்கு. டாப்பைப் பிரிச்சிட்டு, அதான் அந்த மேல் பலகையை, புதுசா ஒண்ணு போட்டு நானே கொண்டாந்து தர்றேன். நீங்க ஒண்ணும் தர வேண்டாம். ஏன்னு கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. பத்தொம்பது வருஷமா வாசிக்கற கிதாரை ஒருத்தன் பஸ் ஏறி வந்து குடுன்னா யாரும் கேப்பாங்க. பெர்ஃபெக்டா இருக்குன்னு ஃபோன்லயே சொன்னீங்க. இல்ல டீச்சர். அது சரியில்ல. அதுல என் பேர் இருக்கு, ஆனா அது என் அளவுல இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கா, அப்பாவைக் கூட்டிட்டு வந்தீங்க. காலேஜ் முடிச்ச புதுசு. டாப்புக்கு செடார்தான் வேணும்னு நின்னீங்க. யாரோ ஒரு வெள்ளைக்காரன் வாசிக்கறதைக் கேட்டுட்டு, அது செடாராம், குரல் குழைவா இருக்காம். எனக்கு செடாரைப் பார்த்தாலே ஆகாது. பென்சில் சீவின மாதிரி ஒரு வாசனை, நகம் பட்டா பள்ளம். முதல் நாளே இனிப்பா பேசும், பத்து வருஷத்துல பேச்சு நின்னுடும். அந்த மாதிரி ஆளுங்களை எனக்குப் பிடிக்காது, மரத்தையும் பிடிக்காது. ஸ்ப்ரூஸ்தான் போடுவேன், இல்லன்னா வேற ஆளைப் பாருங்கன்னேன். உங்க அப்பா சிரிச்சாரு. அப்புறம் பன்னெண்டு பலகையை ஒவ்வொண்ணா எடுத்து உங்க காதுகிட்ட வச்சுத் தட்டினேன். நீங்க ஆறாவதைச் சொன்னீங்க. நான் ஒன்பதாவதைப் போட்டேன். ஆறாவதுல ரேகை ஒரு ஓரத்துல வளைஞ்சிருந்துச்சு. அப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கறவன் நான். மரத்துல என்னை ஏமாத்த முடியாது.

முதுகுக்கும் விலாவுக்கும் ஈட்டி மரம். உங்களுது பதினேழாவது நம்பர், அதுக்குப் போட்டது சாதாரண ஈட்டி இல்ல. கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவை இடிச்சப்போ ஒரு கட்டிலோட தலைமாட்டுப் பலகை கிடைச்சது. எண்பது வருஷம் காய்ஞ்சது. தட்டினா மணி. அதுலதான் நாலாவது கிதார்லேர்ந்து இருபதாவது வரைக்கும் செஞ்சேன், அப்புறமும் பழைய ஈட்டியாத் தேடித்தான் போட்டேன். இப்போ வர்றவங்க என்ன கேக்குறாங்க தெரியுமா? கறுப்பா, பளபளன்னு, கண்ணாடி மாதிரி ஸ்ப்ரே அடிச்சுத் தருவீங்களான்னு. கார் பெயிண்ட் டீச்சர். நல்ல மரத்து மேல பிளாஸ்டிக் சட்டை. அந்த பி.யூ. பெயிண்ட் டப்பாவைத் தொறந்தாலே எனக்குக் குமட்டும். போன வருஷம் ஒருத்தன் தேக்குல செய்வீங்களான்னான். தேக்குல ஊஞ்சல் செய்யலாம்ப்பா, படுத்துக்கோன்னு அனுப்பிட்டேன்.

எங்க வீட்டுல பாலிஷ் ஒண்ணுதான். அரக்கு. அவல் மாதிரி செதில் செதிலா வரும். ஸ்பிரிட்ல கரைச்சு, பஞ்சைப் பழைய மல் துணியில உருட்டி, ரெண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டு வட்டம் வட்டமா தேய்க்கணும். ஈட்டில கண்ணு கண்ணா துவாரம் இருக்கும், அதை நுரைக்கல் பொடி வச்சு அடைக்கணும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஆறு வாரம். அந்த வேலை என் சம்சாரம் ஜெசிந்தா செய்வா. அது பொம்பளைங்க வேலைதான் டீச்சர், பொறுமை வேணும், அவ்வளவுதான். கிதாருக்கு மரம்தான் உயிர். பாலிஷ்ங்கறது பவுடர் பூசற மாதிரி. நான் அப்படித்தான் நெனைச்சிருந்தேன்.

முதல் மூணு கிதாருக்கு பாலிஷ் போட்டது மேட்டுப்பாளையத்து மொய்தீன் பாய். கட்டில், பீரோ பாலிஷ் போடறவரு. நல்ல கை. ஆனா அந்த மூணு கிதாரும் திரும்பி வந்துச்சு. சத்தம் வெளிய வரல, பெட்டியைத் தட்டற மாதிரி இருக்குன்னு. மொய்தீன் பாய் துபாய் போயிட்டாரு. நாலாவதுலேர்ந்து ஜெசிந்தா போட்டா. நாலாவதுலேர்ந்துதான் அந்தப் பங்களா ஈட்டியும். அதுக்கப்புறம் ஒண்ணுகூட அந்தப் புகாரோட திரும்பல. ஐம்பத்தஞ்சு கிதார் போயிருக்கு. அதனால நான் என்ன நெனைப்பேன்? மரம்னுதான் நெனைப்பேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க.

பாலிஷ் ரூமுக்கு ஒரு சட்டம் வச்சிருந்தேன். தூசி உள்ள போகக் கூடாது. ஈர அரக்கு மேல ஒரு தூசி உக்காந்தா மறுபடி முதல்லேர்ந்து. பட்டறைல நிக்கறவன் உடம்பெல்லாம் தூசி. அதனால நானே உள்ள போகறதில்ல. பெட்டியை ஒட்டி மூடினதும் ஜெசிந்தா கையில குடுப்பேன். ஆறு வாரம் கழிச்சு வாங்கிக் கம்பி கட்டுவேன். இருபத்தி நாலு வருஷமா அந்தச் சட்டத்தை நான் மீறினதில்ல. என் வாயால போட்ட சட்டம்.

இதுல ஒரு விஷயம் இருக்கு, கேளுங்க. பெட்டியை மூடின அன்னைக்கு டாப்பைத் தட்டினா தொப்புனு ஒரு சத்தம் வரும். அரிசி மூட்டையைத் தட்டின மாதிரி. ஆறு வாரம் கழிச்சுத் தட்டினா டொய்ங்னு எழுந்து நிக்கும். நான் அதை யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். பழைய ஈட்டி மரம் பக்கத்துல இருந்தா ஸ்ப்ரூஸ் தன்னாலே இளகும்னு. மரம் மரத்துக்குக் குரல் குடுக்கும்னு. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். உங்க அப்பாகிட்டயும் சொன்னேன், அவரு தலையாட்டினாரு. சென்னையில ஒரு கூட்டத்துல மேடை போட்டு நாப்பது நிமிஷம் பேசச் சொன்னாங்க. பெட்டியை மூடி ஆறு வாரம் தொடாம தொங்கவிடுங்க, ஈட்டி பார்த்துக்கும்னேன். சின்னப் பசங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க. பெங்களூர்ல ரெண்டு பேரு இன்னைக்கும் கிதாரைத் தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்காங்க.

எப்படித் தெரிஞ்சதுங்கறீங்களா? நாப்பதாவது நம்பர். கார்ல வச்சுப் பூட்டிட்டு வெயில்ல விட்டிருக்கான் அந்தப் புண்ணியவான். டாப் வெடிச்சிருச்சு. ஒட்டுப் போடணும்னா பலகை எவ்வளவு கனம்னு தெரியணும். மூடின பெட்டில அளக்க முடியாது. ஆனா ஜெர்மனிலேர்ந்து ஒரு வாடிக்கைக்காரர் ஒரு கருவி அனுப்பியிருந்தாரு. இதோ, இதுதான். ரெண்டு காந்தம். ஒண்ணை ஓட்டை வழியா உள்ள விட்டுட்டு, இதை மேல வச்சா நடுவுல இருக்கற கனத்தைச் சொல்லும். வச்சேன்.

என் டாப் மூணு மில்லி டீச்சர். ஓரம், நடு, எங்க அளந்தாலும் மூணு. நூறு வருஷம் நிக்கணும்னு போட்ட அளவு. முதல் கிதார்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் மாத்தினதில்ல. கருவி ஓரத்துல ரெண்டுன்னுச்சு. இந்தப் பக்கம் ரெண்டே கால். நடுவுல ரெண்டே முக்கால். கருவி கெட்டுப்போச்சுன்னு நெனைச்சேன். பட்டறைல கம்பி கட்ட இருந்த ஐம்பத்தொன்பதாவதை எடுத்து அளந்தேன். அதுவும் அப்படியே. சுத்தி ஓரம் முழுக்க யாரோ சீவியிருக்காங்க. எலி தேங்காயைச் சுரண்டின மாதிரி இல்ல, அழகா, சரிவா, கை வச்சா தெரியாத மாதிரி. நேரா ஜெசிந்தாகிட்ட போனேன்.

சமையல்கட்டுல பீன்ஸ் அரிஞ்சுக்கிட்டிருந்தா. கேட்டேன். மறைப்பான்னு பார்த்தேன். மறைக்கல. கத்தியைக்கூடக் கீழ வைக்கல.

"ஆமா, சீவினேன். தட்டிப் பார்த்தேன், பேசல. பேசற வரைக்கும் சீவினேன்."

இதைச் சொல்றவ யாருன்னு நெனைக்கறீங்க? அவங்க அப்பா மேட்டுப்பாளையத்துல மண்பானைக் கடை. சின்னப் பொண்ணா இருந்தப்போ வண்டில வந்து இறங்கற பானையை ஒவ்வொண்ணா தட்டி, விரிசல் இருக்கறதைத் தனியா எடுத்து வைக்கறதுதான் இவ வேலை. பானை தட்டின கையால என் கிதாரைத் தட்டியிருக்கா. ஐம்பத்தஞ்சையும். பாலிஷுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டு மழமழப்பாக்கணும், அது அவ வேலைதான், அந்தச் சாக்குல இரும்புத் தகடு வச்சு ஓரத்தைச் சீவியிருக்கா. சீவினது எங்க போச்சுன்னு கேட்டேன். அடுப்புக்குன்னா. எனக்கு ஞாபகம் வந்துருச்சு டீச்சர். எங்க வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்துல ஒரு தகர டின். அதுல வெள்ளை வெள்ளையா, சுருள் சுருளா சீவல் இருக்கும். தினம் காலைல அதுலதான் நெருப்புப் பத்த வைப்பா. ஜெர்மனிலேர்ந்து கப்பல்ல வந்த ஸ்ப்ரூஸ்ல நான் இருபத்தி நாலு வருஷம் வெந்நீர் போட்டுக் குளிச்சிருக்கேன். த்தூ.

யாரைக் கேட்டுச் செஞ்சேன்னு கத்தினேன். நான் அவகிட்ட கத்தினதில்ல, அன்னைக்குக் கத்தினேன். அதுக்கு அவ சொன்ன பதிலைக் கேளுங்க. சம்பந்தமே இல்லாத பதில்.

"மூணாவது கிதார் திரும்பி வந்தப்போ நீங்க ரெண்டு நாள் சாப்பிடல. நாலாவதும் அப்படியே வந்தா என்ன பண்றதுன்னு பயந்து சீவினேன்."

என் சாப்பாட்டுக்கும் பலகைக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்? நான் அளவைப் பத்திக் கேக்கறேன், இவ சோத்தைப் பத்திப் பேசறா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஏங்க, பலகை கனமா இருக்குங்கன்னு. சொல்லியிருந்தா... சரி, சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். அது வேற விஷயம். சொல்லியிருக்கணும்.

அன்னையிலேர்ந்து பாலிஷ் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா. இனி நீங்களே தேய்ச்சுக்கங்கன்னுட்டா. சண்டை ஒண்ணும் இல்ல. நேரத்துக்குச் சோறு வருது, சட்டையில பட்டன் விட்டுப்போனா தெச்சு வைக்கறா, ஞாயித்துக்கிழமை சேர்ந்துதான் பூசைக்குப் போறோம். சாம்பார்ல உப்புகூடச் சரியா இருக்கு. அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் ஒரு முடிவு எடுத்தேன். ஐம்பத்தஞ்சையும் வாங்கி, டாப்பைப் பிரிச்சு, என் அளவுல புதுசா போட்டுடறது. செத்த பிறகு எவனாவது ஒரு கருவியை வச்சு அளந்துட்டு, கஸ்பார் ஓரத்துல ரெண்டு மில்லி வச்சிருக்கான்னு எழுதினா? அது என் அளவு இல்லையே. உள்ள ஒட்டியிருக்கற லேபிள்ல கஸ்பார், குன்னூர்னுதான் இருக்கு. வேற யார் பேரும் இல்ல.

முதல்ல கோயமுத்தூர் பீளமேட்டுக்குப் போனேன். ஞானசுந்தரம்னு ரயில்வேல இருந்து ரிட்டையரானவரு. முப்பத்தோராவது நம்பர். நல்ல மனுஷன், ஏன் எதுக்குன்னு கேக்காம எடுத்துக் குடுத்தாரு. பழைய டாப்பைப் பிரிச்சு அடுப்புல போடலாம்னு வச்சிருந்தேன். திரும்பிப் பார்த்தா காணோம். ஜெசிந்தா எடுத்துத் துடைச்சு, பீரோவுல புடவைகளுக்கு நடுவுல வச்சிட்டா. கேக்கல நான். புது டாப் மூணு மில்லி, ஓரம், நடு எல்லாம் மூணு. அரக்கை நானே தேய்ச்சேன். கொஞ்சம் திட்டுத் திட்டா வந்துச்சு, பரவால்ல. கொண்டுபோய்க் குடுத்தேன்.

நாலு நாள் கழிச்சு ஃபோன். கிதாருக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு கஸ்பார்ங்கறாரு. புது டாப் சார், பழகணும்னேன். மறுவாரமும் ஃபோன். அந்த ஆளுக்கு எழுபத்தி மூணு வயசு, காது போயிருக்கும். வயசானா அப்படித்தான். நானும் தட்டிப் பார்த்தேன்தான். தொப்புனுதான் இருந்துச்சு. ஆறு வாரம் ஆகலயே டீச்சர், ஈட்டி இன்னும் வேலையை ஆரம்பிச்சிருக்காது. போன திங்கக்கிழமை அவரே கூப்பிட்டாரு. கோவமா பேசியிருந்தாக்கூடப் பரவால்ல. இப்பல்லாம் உறையைத் தொறக்கறதே இல்ல கஸ்பார்னு மெதுவா சொல்லிட்டு வச்சிட்டாரு. அவரு சம்சாரம் போன வருஷம் தவறிட்டாங்க. சாயங்காலமானா அதை எடுத்து வாசிக்கறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அது என் தப்பு இல்ல. நான் அளவைச் சரி பண்ணினேன்.

அடுத்து பாலக்காட்டுல ஒரு ஃபாதர். எப்படியோ சேதி தெரிஞ்சிருக்கு. ஆப்பமும் ஸ்டூவும் போட்டு, கிதார் ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னாரு. பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு அதுலதான் வாசிச்சுப் பழகிக்கிட்டிருந்துச்சு. என் கிதார் எனக்குத் தெரியாதா? சாமியாரே பொய் சொன்னா நான் யார்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்றது? ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்துட்டேன்.

மூணாவது நீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். பேசிக்கிட்டே அந்த ரூம் கதவைச் சாத்தினீங்க, அதைப் பார்த்தேன். பரவால்ல. ஜெசிந்தாவுக்கு நான் இங்க வந்தது தெரியாது. ஊட்டி வரைக்கும் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். கரூர் வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரன் முட்டை போண்டா தின்னுக்கிட்டே வந்தான். என்ன ஜென்மமோ.

எடுத்துட்டு வாங்க டீச்சர். பிடுங்கிட்டு ஓட மாட்டேன். அளந்து காட்டறேன், நம்பருக்கு நம்பர் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க.

ம். நல்லா வச்சிருக்கீங்க. அரக்கு தேன் நிறத்துக்கு வந்திருக்கு பாருங்க. பி.யூ. அடிச்சிருந்தா இந்நேரம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருந்திருக்கும். இங்க உங்க கை படற இடத்துல மட்டும் தேய்ஞ்சிருக்கு. நியாயமான தேய்மானம். வேர்வை நாத்தம்கூட இல்ல. அன்னைக்கு இதை வாங்க வந்தப்போ பட்டறைல உக்காந்து ஒரு மணி நேரம் வாசிச்சீங்க. ஞாபகம் இருக்கா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஜெசிந்தா உள்ள சாதத்தை அடுப்புல வச்சிட்டு அடிப்பிடிக்க விட்டுட்டா. உங்களுக்கும் அப்பாவுக்கும் கருகின சோறு போட வேண்டியதாப் போச்சு. எனக்கு ஒரே அவமானம். அவ அப்படிச் சோத்தைக் கருக விட்டது அந்த ஒரு தடவைதான்.

இதோ காந்தம். உள்ள விடறேன். இங்க பாருங்க, ரெண்டு. பார்த்தீங்களா? இங்க ரெண்டே கால். இப்படியே கீழ வாங்க. ஒண்ணு தொண்ணூறு. பாவி. இன்னும் கீழ, ரெண்டு. இந்த வலது ஓரம்...

மூணு.

இருங்க. மறுபடி வைக்கறேன். மூணுதான். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மூணு. சுத்தி எல்லாம் சீவிட்டு இதை மட்டும் ஏன் விட்டா? சீவ மறந்துட்டாளா? அவ மறக்கற ஆள் இல்ல. ஜன்னல் பக்கம் வாங்க, சாய்ச்சுப் பிடிங்க. இன்னும் சாய்ங்க. வெளிச்சம் குறுக்கால விழணும்.

இந்தா, இங்க ஒரு கோடு. தெரியுதா? மயிர் மாதிரி. பிசின் கோடு டீச்சர். மரம் வளரும்போதே உள்ள தங்கிப்போன பிசின். இது மேல சீவியிருந்தா ஒரே வருஷத்துல இங்கதான் வெடிச்சிருக்கும். பன்னெண்டு பலகையில நான் பொறுக்கின ஒன்பதாவது பலகை. ஜன்னல்ல பிடிச்சு, தட்டி, முகர்ந்து எல்லாம் பார்த்தேனே. இது எப்படி...

சரி, அது கிடக்கட்டும். ஒண்ணு வாசிங்க. நான் குறை சொல்றேன், நீங்க நம்பணும்ல. வாசிச்சாத்தான் எங்க இடிக்குதுன்னு காட்ட முடியும். எதா இருந்தாலும் சரி. அன்னைக்குப் பட்டறைல வாசிச்சீங்களே, அது.

...

யாரு ஃபோனு? என்னுதா? நீங்க நிறுத்த வேண்டாம், நான் கட் பண்ணிடறேன். வீட்டுலேர்ந்துதான். இந்தக் கண்ணாடி ஃபோன்ல எதை அமுக்கினா எது ஆகுதுன்னு... எடுத்துடுச்சு போலருக்கே. சொல்லு. ஆமா, ஊட்டிலதான். பஸ் ஸ்டாண்டுல. பாட்டா? டீக்கடையில ரேடியோ பாடுது. என்னது?

இல்ல, நான் ஊட்டிலதான்... யாரு சொன்னா உனக்கு? ம். ம். தெரியும். அது எனக்குத் தெரியாதா? நான் பொறுக்கின பலகை. சரி. சரி, வை.

இந்த ஃபோனை இப்படி வைக்கறேன். நீங்க ஏன் நிறுத்திட்டீங்க?

திருச்சி டீச்சர் வீட்டுலயா இருக்கீங்கன்னு கேக்கறா. நான் சொல்லல டீச்சர். நீங்களே பார்த்தீங்க, நான் ஒரு வார்த்தை சொல்லல. பதினேழு பேசறது எனக்குத் தெரியாதாங்கறா. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி சமையல்கட்டு வாசப்படியில உக்காந்து ஒரே ஒரு தடவை கேட்டது. வலது ஓரத்துல கை வச்சிடாதீங்க, அங்க பிசின் இருக்கு, வெடிச்சிடும்னா. எனக்குத் தெரியாதான்னு சொல்லிட்டேன்.

தெரியாது டீச்சர். இப்பத்தான் பார்த்தேன். உங்க முன்னாடிதான பார்த்தேன். மரத்துல என்னை ஏமாத்த முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஒரு பானைக்கடைக்காரர் பொண்ணு கையால தடவிக் கண்டுபிடிச்சதை, நான் கண்ணு ரெண்டையும் வச்சுக்கிட்டுப் பார்க்கல. எனக்கே என்னைப் பார்த்தா அசிங்கமா இருக்கு.

இதை உறையில போட்டு உள்ள வைங்க. நான் எடுத்துட்டுப் போகல. அந்தக் கருவியையும் நீங்களே வச்சுக்கங்க, எனக்கு வேண்டாம். அந்தப் பீளமேட்டு மனுஷனை நெனைச்சாத்தான்... அவரோட பழைய டாப் பத்திரமா இருக்கு, பீரோவுல. பக்குவமா ஒட்டினா பழைய குரல் வந்துடும். பாலிஷ் மட்டும் அவ போடணும். ஆனா அதை அவகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. இருபத்தி நாலு வருஷத்துல அவகிட்ட நான் எதையும் கேட்டதில்ல டீச்சர். இதைச் செய்யின்னு சொல்லுவேன், செய்வா. ஜெசி, எனக்குச் செஞ்சு குடுன்னு கேட்டதில்ல. வாசல்ல செருப்பைக் கழட்டினதும் சொல்லிடலாமா, இல்ல சாப்பிட உக்காந்தப்புறமா? நீங்க பொம்பளை, உங்களுக்குத் தெரியும். சாவி அவ இடுப்புல இருக்கு.

அந்த டீயை எடுங்க. ஆறினா ஆறிட்டுப் போகுது.

என்ன, ஃபோனைக் காட்டறீங்க? வச்சிட்டேனே. சிவப்பை அமுக்கணுமா? இதுல ஏதோ நொடி நொடியா ஓடிக்கிட்டிருக்கு.

ஜெசி?

வைக்கல டீச்சர். லைன்லதான் இருந்திருக்கா, இவ்வளவு நேரமும்.

சாவியை எடுத்துக் கதவுல மாட்டிட்டாளாம். என்னை ஒண்ணும் கேக்க வேண்டாங்கறா. உங்களைத்தான் கேக்கறா. அன்னைக்குப் பாதியில சாதம் கருகுற வாசனை வந்து எழுந்து ஓடிட்டாளாம். அந்த மிச்சத்தை வாசிக்கச் சொல்றா.